அத்தாயி சொன்ன பேர்

கொல்லிமலை, அரியூர் நாடு
22-1-1934

அன்புள்ள பொன்னம்மாளுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் சுகமென்று நம்புகிறேன். இதற்கு முன் எழுதிய கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு. நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அத்தாயி என்று ஒருத்தியைப் பற்றி எழுதியிருந்தேன். படித்திருக்கமாட்டாய் என்பதால் மறுபடியும் சொல்கிறேன். இந்த ஊர்க்காரி, காளியண்ணன் என்பவரின் மனைவி. சாமையும் மிளகும் விளைகிற காடு கொஞ்சம் உண்டு, பிள்ளை கிடையாது. நான் இங்கே மிஷன் பள்ளிக்கூடம் ஆரம்பித்த நாளிலிருந்து பாட்டுக் கேட்க வந்து உட்காருவாள். புருஷனும் தடுக்கவில்லை. ஞானஸ்நானம் வேண்டுமென்று அவளாகவே கேட்டாள். ஒரே ஒரு குறைதான். எங்கள் ஆண்டவரின் பேரை மட்டும் வாயால் சொல்லமாட்டாள். "அவங்ககிட்டச் சொன்னனுங்க, கேட்டுக்கிட்டாங்க" என்பாள். எவர் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

நேற்று சேலத்திலிருந்து எங்கள் மிஷன் பாதிரியாரான பெரிய ஐயர் மலையேறி வந்தார். வெள்ளைக்காரர் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுவார். எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தி, "யாரை விசுவாசிக்கிறாய்?" என்று கேட்டார். அவள் பேசவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் பேசவில்லை. பேர் சொல்லாதவளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதெப்படி என்று என்னைப் பார்த்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. நான் எழுந்து, "அத்தாயி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவருக்கும் சேர்த்து மூன்று தரம் அவர் பேரைச் சத்தமாகச் சொல். ஊர் முழுக்கக் கேட்கட்டும்" என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "மெய்யாலுமே சொல்லச் சொல்றீங்களா சாமி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சொன்னாள், பொன்னம்மா! மூன்று தரம், மலையே கேட்கும்படி சொன்னாள். சொல்லும்போது கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எப்பேர்ப்பட்ட சாட்சி! ஐயர் அவள் தலையில் தண்ணீர் வார்த்து, மார்த்தாள் என்று புதுப் பேர் கொடுத்தார்.

எழுத்து வாசனையே இல்லாத ஒரு மலைப்பெண் செய்ததை, படித்த நீ செய்யக்கூடாதா? ஒன்றரை வருஷமாக அப்பா வீட்டில் இருக்கிறாய். உன் பழைய குழந்தைசாமி செத்துப்போனான் என்று நினைத்துக்கொள். பதில் கடிதத்தின் தலைப்பில் என் புதுப் பேரை உன் கையால் எழுதி அனுப்பு. அது ஒன்று போதும். நீ வருவாய் என்று தெரிந்துகொள்வேன்.

உன் கணவன்,
நாத்தான்வேல்


ராசிபுரம்
30-1-1934

மலைமேல் இருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்குப் பொன்னம்மாளின் நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. முந்தியவையும் கிடைத்தன, எல்லாவற்றையும் படித்தேன். படிக்காமல் போடுகிறவள் என்று என்னைப் பற்றி இத்தனை வருஷம் கழித்தும் நினைக்கிறீர்களே, அதற்குத்தான் பதில் போடவில்லை.

தலைப்பில் எதுவும் எழுதவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விலாசத்தைக்கூட அப்பாதான் எழுதினார். ஒன்பது வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியபோது பழைய பேரையே நான் வாயில் போட்டதில்லை. உங்களை வீட்டைவிட்டுப் போகச் சொன்னதும் நானில்லை. சேலத்துக்குப் போய் ஞானஸ்நானமென்று முழுகிவிட்டு வந்து, "இனிமேல் எனக்கு வேறு பேர்" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். புருஷன் திரும்பி வந்தாரா, வேறு யாரோ வந்தாரா என்று தெரியாமல் நின்றேன். அந்தப் புதுப் பேரிலும் வாலில் முருகன் கையிலிருப்பது ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வளவு சுலபத்தில் அவர் உங்களை விடமாட்டார் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், சிரிப்பதற்காக எழுதினேன்.

ஆனால் அந்த மலைக்காரி விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள்தானே ஒரு நாள் எனக்குச் சொன்னீர்கள்? யூதர்கள் தங்கள் கடவுளின் பேரை எழுதுவார்களாம், வாய்விட்டு வாசிக்கமாட்டார்களாம், அந்த இடம் வந்ததும் ஆண்டவர் என்று மாற்றி வாசித்துவிடுவார்களாம். எரிகிற செடிக்குள்ளிருந்து பேசிய அதே கடவுளிடம் பேரென்ன என்று கேட்டபோது, நான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். இதைச் சொல்லும்போது உங்கள் கண் எப்படி மின்னியது! பேர் சொல்லாத அந்த மரியாதை பிடித்துத்தானே அந்தப் பக்கம் போனீர்கள்? அதே மரியாதையை ஒரு மலைக்காரி காட்டினால் உங்களுக்கு அவமானமாகிவிட்டதா?

அப்பா தினமும் கோயிலில் சுவாமியின் பேர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடுகிறார். பாடி முடித்ததும் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால், "இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நமக்காக. அவருக்கு ஏது பேரு?" என்கிறார். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் சண்டையே வராது. பேசத்தான் மாட்டீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அவள் ஏன் அழுதாள்? அந்தக் கிழவி ஏன் மார்பில் அடித்துக்கொண்டாள்? "மெய்யாலுமே" என்று அத்தாயி ஏன் கேட்டாள்? சந்தோஷத்தில் யாரும் மார்பில் அடித்துக்கொள்வதில்லை. ஐயரைக் கேட்க வேண்டாம். அவளையே கேளுங்கள்.

பொன்னம்மாள்


கொல்லிமலை
6-2-1934

பொன்னம்மா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு அத்தாயி எங்கள் ஜெபக் கோயிலுக்கு வரவே இல்லை. காட்டு வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். காளியண்ணன் வாசலிலேயே மறித்தார். கோபம் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்போல இருந்தது அவர் முகம்.

"ஏனுங்க வாத்தியாரே, அவளெத் தீர்த்துவுட்டாச்சில்ல? இன்னும் என்னத்துக்கு வாரீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த ஊரில் கட்டியவனோடு வாழ முடியாத பெண் ஊர் கூடுகிற மந்தைவெளியில், தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் நிற்பாளாம். அதுவரை வாயில் போடாத அவன் பேரை மூன்று தரம் சத்தமாகச் சொல்வாளாம். பதிலுக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அவள் பேரைச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றுவாராம். அதோடு தலைமுழுகியாயிற்று. அதன்பின் அந்த வீட்டுக்கும் அவளுக்கும் பேச்சில்லை, அந்த வீட்டுச் சோறு தண்ணீரில் கை நனைக்கக்கூடாது, திரும்பியும் சேர முடியாது.

"பேரும் சொன்னா, தண்ணியும் ஊத்துனீங்க. இதுக்கு மேல என்னங்க பாக்கி?" என்றார் காளியண்ணன். "அவங்க ஊட்டு, அதான் உங்க சாமி ஊட்டு, பொம்பளையா ஆகணும்னு ஆசப்பட்டா. நானும் போன்னுதான் சொன்னேன். அத்தன சனத்துக்கு முன்னால நிக்கவெச்சுத் தீர்த்துட்டீங்களே, அவ என்னங்க தப்புப் பண்ணுனா?"

பொன்னம்மா, என் தலையில் இடி விழுந்தது. நான் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என் ஆண்டவரிடமிருந்து விலக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளை விலக்கியவன் நான். மூன்று தரம் என்று சொன்னது ஐயர்கூட இல்லை, நான்!

உள்ளே அவள் காய்ச்சலில் கிடக்கிறாள். விட்டுவிட்டு வரும் மலைக்காய்ச்சல். நான் கொயினா மாத்திரை கொண்டுபோனேன். நான் எப்போதும் ஆண்டவர் பேரால் ஜெபித்துத்தான் மருந்து கொடுப்பது வழக்கம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "தீர்த்துட்டு வந்த ஊட்டு மருந்து எனக்கு வேண்டாமுங்க" என்றாள். கஞ்சியில் கலந்து கொடுக்கச் சொன்னேன். கசப்பு தெரிந்து துப்பிவிட்டாளாம். போன வருஷம் இதே காய்ச்சலில் இந்த ஊரில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து உள்ளே போகாவிட்டால் இவளும் பிழைக்கமாட்டாள்.

ஐயருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் எனக்கு உன் யோசனைதான் வேண்டும். நீ தலைப்பில் எந்தப் பேரும் எழுத வேண்டாம். அந்தப் பேச்சையே விட்டுவிடு. அவளைப் பிழைக்கவைக்க என்ன செய்வதென்று மட்டும் சொல்.

நாத்தான்வேல்


ராசிபுரம்
10-2-1934

எங்கள் வீட்டுக்காரருக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்ததைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். அடிப்பாவி, எப்படித் துடித்திருப்பாள்! அவள் இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தேன். உங்களைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. இப்போது நேரமில்லை.

இதோடு கொயினா பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். தபாலாபீசில் வாங்கியது, சர்க்கார் மருந்து. இதற்கும் உங்கள் கோயிலுக்கும் சம்பந்தமில்லை. சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி ஷேக் பரீத் ராவுத்தர் நாளை மலையேறுகிறார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் கையாலேயே கொடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். ஜெபமும் வேண்டாம்.

அது பலிக்காவிட்டால் இன்னொன்று. எங்கள் பக்கத்திலும் தீர்த்துவிடுகிற வழக்கம் சில சாதிகளில் உண்டு. பெண் மட்டும் சொன்னால் தீராது. மாப்பிள்ளை பக்கமும் வாய் திறக்க வேண்டும். அங்கேயும் அப்படித்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் மூன்று தரம் கூப்பிட்டாள், சரி. அவர் ஏதாவது சொன்னாரா? எவ்வளவு கூப்பிட்டாலும் சுவாமி பதில் பேசுவதில்லை என்றுதான் உலகத்தில் எல்லோரும் அழுகிறோம். இந்த ஒரு தடவை அவர் பேசாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லக்கூடாதா?

ஐயரை நம்பி உட்காராதீர்கள். நேரே ஊர்க்கவுண்டரிடம் போங்கள். வாத்தியார் என்ற மிடுக்கோடு போகாமல், வழக்கு வைக்க வந்தவராகப் போங்கள். தீர்த்தது செல்லாது என்று அவர் வாயால் வந்தால்தான் அவள் நம்புவாள். சீக்கிரம்.

பொன்னம்மாள்


கொல்லிமலை
20-2-1934

பொன்னம்மா,

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ராவுத்தர் நல்ல மனிதர். வந்த களைப்பு தீராமல் நேரே அத்தாயி வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். "ஆரு குடுத்தனுப்புனதுங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "வாத்தியார் சம்சாரம் குடுத்தாங்கம்மா" என்றுவிட்டார். "அப்ப அதும் அந்த ஊட்டு மருந்துதானுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாளாம். அவர் என்னிடம் வந்து சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐயரிடமிருந்து பதில் வந்தது. இதெல்லாம் மூட வழக்கம், இதற்கு இடம் கொடாமல் உறுதியாக இரும் என்று எழுதியிருந்தார். அதோடு, அத்தாயியின் சாட்சி மிகவும் மெச்சத்தக்கது, இனி இந்த மலையில் ஞானஸ்நானம் பெறுகிற எல்லோரும் அவளைப்போல மூன்று தரம் சத்தமாகச் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஞானஸ்நானம் முடிந்த கையோடு அவருக்கு நான் எழுதிய புகழ்ச்சிக் கடிதத்தின் பலன் அது.

நீ சொன்னபடி ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியிடம் போய் வழக்கு வைத்தேன். மறுநாள் காலையில் மந்தையில் ஊர் கூடியது. காளியண்ணன் வந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"பொண்ணு மூணு தரம் சொன்னா. அது எல்லாருக்கும் கேட்டுச்சு," என்றார் கவுண்டர். "அவங்க இவ பேரெச் சொன்னாங்களா?"

"அவர் பேசவில்லை," என்றேன்.

"அவங்க பேசாட்டி அவங்க பக்கத்துப் பெரியவரு பேசலாமுங்களே. அந்த வெள்ளக்காரச் சாமி தண்ணி ஊத்துனாரில்ல? பேர் சொல்லித்தானே ஊத்துனாரு?"

ஆமாம், சொல்லித்தான் ஊற்றினார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "சொன்னார்" என்றேன். காளியண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன பேருங்க சொன்னாரு?"

"மார்த்தாள்."

"அதாருங்க?"

"அத்தாயிக்கு அவர் வைத்த புதுப் பேர்."

கவுண்டர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். "மார்த்தாள்னு நம்மூர்ல ஆராச்சும் இருக்காங்களா?" எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். "அப்பறம் என்னங்க? இல்லாத பொம்பளையத் தீர்த்துவுட்டிருக்காரு. அத்தாயிய ஆரும் தீர்க்கல. அவ இன்னும் அவங்க ஊட்டுப் பொம்பளதான். போய்ச் சொல்லுங்க."

நானும் காளியண்ணனும் ஓடினோம். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. அவள் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். காளியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தாயி, தீரலயாமா. கவுண்டரே சொல்லிப்புட்டாரு. அவங்க ஒண்ணும் சொல்லலயாமா" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அவளுக்குப் புரிந்தது. முகத்தில் சிரிப்பு வந்தது, முன்பு தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாளே, அதே சிரிப்பு. மாத்திரைக்கு வாயைத் திறந்தாள். அவர் கொடுத்தார், விழுங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பறம் ஏஞ் சாமி என்னெய அந்தப் பேரெச் சொல்லச் சொன்னீங்க?"

பொன்னம்மா, அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் நான்கு வருஷமாக வேதம் படிக்கிறவன். கடவுளின் நாமத்தைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பிரசங்கம் செய்வேன். ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்து பிந்திவிட்டது. முந்தாநாள் விடிந்தபோது போய்விட்டாள்.

அவர்கள் குலத்துக்கென்று புதைகாடு இருக்கிறது. ஆனால் காளியண்ணன் பாடையைக் கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். "அவங்க ஊட்டுப் பொம்பள. அவங்க கொல்லையிலயே வெச்சுருங்க" என்றார். ஊரே உடன் வந்திருந்தது. ஒருத்தர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. குழிக்கு முன்னால் புத்தகத்தைத் திறந்தேன். ஆண்டவரின் பேர் வருகிற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் "அவங்க" என்று வாசித்தேன். முடிவுவரைக்கும் அப்படியே வாசித்தேன்.

ஐயருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் வேலை போகும். அது போகட்டும். நீ இங்கே வரவேண்டும் என்று கேட்க இனி எனக்கு வாயில்லை. எதைச் சொல்லியும் உன்னைக் கூப்பிடமாட்டேன்.

குழந்தைசாமி என்று எழுதுவதா, நாத்தான்வேல் என்று எழுதுவதா என்று தெரியாத,
உன் கணவன்


ராசிபுரம்
26-2-1934

எங்கள் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை அவர் வாங்கி வாசித்தார். நீங்கள் மதம் மாறியதிலிருந்து உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், "பெட்டியைக் கட்டும்மா" என்றார். முகம் தெரியாத ஒருத்திக்காக இப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கவுண்டர் சொன்னது, ஐயர் எழுதியது எல்லாம் இருக்கிறது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த அந்த மனிதருக்கு யார் கஞ்சி காய்ச்சுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. போய்ப் பாருங்கள். ஐயருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த பெண்ணை அவர் அப்படி நிறுத்துவதற்குள் எழுதுங்கள்.

நான் வியாழக்கிழமை கிளம்புகிறேன். ராவுத்தரின் மட்டக்குதிரைகள் மேலே வருகின்றன, அவற்றோடு வருவேன். நெற்றியில் திருநீறோடுதான் வருவேன். உங்கள் பேர் எதையும் சொல்லமாட்டேன், பழையதும் சரி, புதியதும் சரி. கையெழுத்தில் எதைப் போடுவதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

கூப்பிடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கூப்பிட்டதற்காக நான் இப்போது வரவில்லை. அத்தாயி கேட்டாளே ஒரு கேள்வி, என்னை ஏன் சொல்லச் சொன்னீர்கள் என்று, அதையேதான் ஒன்றரை வருஷமாக நானும் உங்களிடம் கேட்க நினைத்தேன். கேட்காமல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டாள். பதில் கிடைக்காமலே போய்விட்டாள். நான் உயிரோடு இருக்கிறேன். எனக்காவது நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

பொன்னம்மாள்